எலிக்குத் தண்ணீர் வைக்காதவர்

கிரெய்கிபர்னில் பாம்பு வளர்க்கும் தம்பி, உங்கள் பாம்பைக் கொன்றது எலி இல்லை. கடையில் நின்ற பிள்ளையும் இல்லை. நீங்கள்தான்.

உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை நீங்களே எழுத வேண்டும். எங்கே எழுத வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பாம்பும் பல்லியும் அவற்றின் தீனியும் விற்கும் கடைகளில் இப்போது நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலைக்கு நிற்கிறார்கள். படிக்க வந்த இடத்தில் வாடகைக்காகச் சேர்ந்தவர்கள் பாதி, மிருகங்கள் மேல் உள்ள விருப்பத்தில் சேர்ந்தவர்கள் மீதி. இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இந்தத் தம்பியைப் போன்ற ஒருவர் உங்கள் கவுண்டருக்கும் வருவார். நல்ல சட்டை போட்டிருப்பார், மரியாதையாகப் பேசுவார். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அவர் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருங்கள்.

நான் ஸ்பிரிங்வேலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடையில், பின்பக்கத்து எலி அறையில் வேலை செய்தவள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சுண்டெலியும் வெள்ளெலியும் வளர்ப்பது, நேரம் வரும்போது கொல்வது, உறைய வைப்பது, பையில் போட்டு முன்பக்கம் அனுப்புவது. பாம்பு வளர்ப்பவர்கள் அதை வாங்கிப் போய், இளக வைத்து, சூடு காட்டி, இடுக்கியால் பிடித்துப் பாம்புக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலான பாம்புகள் அதைத் தயக்கமில்லாமல் தின்னும். தின்னாது என்று சொல்பவர்களில் பலர் ஒழுங்காக முயற்சி செய்து பார்க்காதவர்கள்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. வேலைக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஆகவே பெரும்பாலான நாட்கள் நானும் எலிகளும்தான். முன்பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். மதியம் அவர்களோடு போய் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் மூக்கைச் சுருக்குவார். பிறகு நானே போவதை நிறுத்திவிட்டேன். காரில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

என்னை வேலைக்குப் பழக்கிய பெண் அதிகம் பேசமாட்டாள். எலியை எப்படித் தூக்குவது, எப்படிக் கொல்வது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், அதை நான் எழுதவில்லை. அவள் சொல்லாமல் செய்து காட்டிய ஒன்றைத்தான் எழுதுகிறேன். ஒருநாள் எலிகளைக் கொல்லும் வாயுப் பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டிருந்தாள். முன்பக்கத்தில் தொலைபேசி அடித்தது. முதலாளி கூப்பிட்டார். பிறகு கத்தினார். அவள் அசையவில்லை. எல்லாம் அடங்கி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, உயிர் போய்விட்டது என்று உறுதிப்படுத்திய பிறகுதான் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனாள். மூடியைப் போட்டவள் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. இதுதான் அந்த அறையின் சட்டம். நான் அங்கே கற்றதில் முக்கியமானது இதுதான். ஒரு உயிரின் சாவை நீங்கள் தீர்மானித்தால், அது முடியும்வரை நீங்கள் அங்கே நிற்க வேண்டும்.

இந்த வேலையால் எனக்கு வெளியில் என்ன கிடைத்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோவிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். கத்தியைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் இருந்தவ கேட்டா.

"அன்ரி, நீங்கள் எங்கை வேலை எண்டு சொன்னனீங்கள்?"

சொன்னேன்.

"எலி கொல்லுற வேலையோ?"

"ஓம்."

அவ சிரித்தபடி கத்தியை என் கையிலிருந்து வாங்கினா. "நீங்கள் களைச்சுப்போய் வந்திருப்பியள். போய்க் கதிரையிலை இருங்கோவன்."

கதிரையில் இருந்தேன். பிறகு கோவில் குசினிப் பக்கம் போனதில்லை. இதை அழுவதற்காகச் சொல்லவில்லை. அன்று அங்கே மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் கோழிக்கறி இருந்திருக்கும். கொல்வது வேறு யாரோ ஒருவராக இருக்கும்வரை எல்லாருக்கும் கை சுத்தம்தான்.

இனி அந்தத் தம்பிக்கு வருகிறேன்.

அவர் தமிழ்நாட்டுக்காரர், ஐடி வேலை. அவரிடம் ஒரு கார்ப்பெட் பைத்தன் இருந்தது, உடம்பெல்லாம் வடிவம் போட்ட மலைப்பாம்பு. நல்ல அழகு. படம் காட்டுவார். பாம்பு வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் பொறுப்பில் இருந்தார், புதியவர்களுக்கு வகுப்பும் எடுப்பார். எங்கள் கடையில் தீனிக்கு உயிருள்ள எலி விற்பதில்லை, சட்டம் பொதுவாக அதற்கு இடம் தராது. ஆனால் வீட்டில் செல்லமாக வளர்க்க வெள்ளெலி விற்போம். அதைத்தான் அவர் வாங்கினார். மகளுக்கு என்று சொன்னார். இரண்டு கிழமை கழித்து மறுபடியும் வந்தார். மகளுக்கு. பிறகும் வந்தார்.

அன்று நித்யா கவுண்டரில் நின்றாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, மிருக வைத்தியசாலைத் தாதிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் வந்து என்னிடம் சொன்னாள்.

"ஆன்ட்டி, அந்த சார் திரும்ப வந்திருக்கார். வெள்ளெலி வேணுமாம். எனக்கு என்னமோ சரியாப் படல."

நான் கையைக் கழுவிவிட்டு முன்னால் போனேன்.

"வாங்கோ தம்பி. மகள் சுகமோ?"

"நல்லா இருக்கா ஆன்ட்டி."

"போனமுறை கொண்டுபோன எலிக்கு மகள் என்ன பேர் வைச்சவ?"

அவர் சிரித்தார். தலையைச் சொறிந்தார். "பேரா... வந்து... வெள்ளைன்னு."

"அதுக்கு முந்தினதுக்கு?"

அவர் கூடுகளைப் பார்த்தார்.

"பாம்புக்கு என்ன பேர்?"

"ராணி" என்றார் உடனே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. நித்யா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

பிள்ளைகளே, இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். எலி வாங்க வருகிறவரிடம் போன எலியின் பெயரைக் கேளுங்கள். செல்லமாக வளர்ப்பவர் உங்களை விடமாட்டார். பெயர், குணம், எங்கே தூங்கும், எதைக் கடித்தது என்று கடை சாத்தும்வரை சொல்வார். மற்றவர் தலையைச் சொறிவார்.

நான் அவரைத் திட்டவில்லை. உறைந்த எலியை ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"ஆன்ட்டி, எங்க வீட்ல ப்யூர் வெஜ். என் ஒய்ஃப் ஃப்ரீசர்ல எலி வைக்க விடமாட்டா. அதுல பூ வைப்போம், மாவு வைப்போம். செத்ததைக் கொண்டுபோய் அங்க எப்படி வைக்கிறது?"

"சின்ன ஃப்ரீசர் ஒண்டு வாங்கி கராஜிலை வையுங்கோ."

"வீட்டுக்குள்ள வந்தாலே ஆகாதும்பா. அதுவுமில்லாம, நாங்க கொல்ற பழக்கம் இல்ல ஆன்ட்டி. உயிரோட விட்டா நாம எதுவும் பண்ணலையே. பாம்பு சாப்பிடுது. அது இயற்கை."

"இயற்கையிலை எலிக்கு ஓட இடம் இருக்கும் தம்பி. உங்கடை பெட்டியிலை கதவைப் பூட்டினது ஆர்?"

நான் இன்னொரு வழியும் சொன்னேன். உங்களுக்குரிய எலியை எங்கள் ஃப்ரீசரிலேயே வைத்திருக்கிறேன், தேவைப்படும் நாளில் வந்து ஒன்றை எடுத்துப் போங்கள், இளக வைத்தே தருகிறேன், நேரே பாம்புக்குக் கொடுத்துவிடலாம், உங்கள் மனைவியின் ஃப்ரீசரைத் தொட வேண்டாம். என் தொலைபேசி எண்ணையும் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். எலி விற்கவில்லை. முதலாளி அன்று பின்னேரம் என் அறைக்கு வந்து, வாடிக்கையாளரை விசாரணை செய்வது உன் வேலையா என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன். அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். எலிகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடின.

அதன் பிறகு நான் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள். நித்யா மட்டும் அழுதாள். அடுத்த நாளிலிருந்து என்னிடம் பேச ஆளில்லை. எலி அறையில் குறைந்தபட்சம் சத்தமாவது இருந்தது. வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும். தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைப்பேன். அழைப்பவர்கள் மின்சாரக் கம்பனி மாற்றச் சொல்பவர்கள்.

தம்பி மறுபடியும் கடைக்குப் போயிருக்கிறார். நான் இல்லை என்று தெரிந்து போயிருக்கிறார். நித்யா விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதலாளி பக்கத்தில் நின்றபோதே சொன்னாள். எனக்கு அன்று போன் செய்தாள்.

"ஓனர் முறைச்சார் ஆன்ட்டி. ஆனா சொல்லிட்டேன்."

"வடிவாச் செய்தாய்" என்றேன். வேறென்ன சொல்ல.

பிறகு அவரே என்னிடம் சொன்னபடி, அவர் எங்கோ ஆன்லைனில் விளம்பரம் பார்த்து ஒரு எலியை வாங்கினார். வளர்ந்த ஆண் எலி. அந்த வாரக் கடைசியோடு விடுமுறையும் சேர்ந்து வந்தது. மனைவியின் அண்ணன் சிட்னியில், கெல்லிவில்லில், புதுவீடு குடிபோகிறார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு காரில் புறப்பட்டார்கள். புறப்படுமுன் பாம்புப் பெட்டியைத் திறந்து எலியை உள்ளே விட்டார், பிரயாணம் போகிறவர்கள் வீட்டில் இருப்பவருக்குச் சோறு மூடி வைப்பதுபோல. கதவைப் பூட்டினார். போனார்.

ராணி அப்போது சட்டை கழற்றும் நேரம். கண் பால்போல மங்கியிருந்திருக்கும். இந்த நேரத்தில் பாம்புக்குச் சரியாகப் பார்வை தெரியாது, பெரும்பாலும் தின்னாது. வகுப்பு எடுக்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். அவர் கண்ணைப் பார்க்கவில்லை. காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் என் தொலைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்தேன், தெரியாத எண். யாரோ கூப்பிடுகிறார்கள் என்ற சந்தோஷத்தில் எடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

"ஆன்ட்டி, ராணி... ரத்தம்... முதுகெல்லாம் போயிடுச்சு ஆன்ட்டி."

"எலி எங்கை?"

"உள்ளதான் இருக்கு."

"முதல் எலியை வெளியிலை எடுங்கோ. துவாயாலை பிடிச்சு ஒரு வாளிக்குள்ளை விடுங்கோ. பேந்து அவசர மிருக வைத்தியசாலைக்கு அடியுங்கோ. நான் வாறன்."

ஸ்பிரிங்வேலிலிருந்து கிரெய்கிபர்ன் போவது நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போவது. நான் போய்ச் சேர்ந்தபோது எலி இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. அவர் தொடவில்லை. பயம் என்றார். வைத்தியசாலைக்கும் அழைக்கவில்லை. உயிரோடு எலி போட்டது தெரிந்தால் பாம்பு வளர்க்கும் லைசன்ஸுக்குச் சிக்கல் வருமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். நான் வந்துகொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவர் பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கும் அவர் கைக்கும் ஒரு அடி தூரம்.

ராணியின் முதுகில் தோல் இல்லை. சில இடங்களில் எலும்பு தெரிந்தது. எலி பெட்டியின் மறு கோடியில் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பாம்புக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. எலிக்கு ஒரு தானியம் இல்லை, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி இல்லை. அது கொடிய எலி இல்லை. பசியும் தாகமும் பயமும் பிடித்த எலி. பக்கத்தில் இருந்தது ஒன்றுதான், அதைத் தின்றது.

நான் துவாயைப் போட்டு எலியைப் பிடித்து வாளிக்குள் விட்டேன். மேசையிலிருந்த போத்தல் மூடியில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தேன்.

"ஆன்ட்டி, அதுக்கு என்னத்துக்குத் தண்ணி? ராணியைப் பாருங்க!"

"தண்ணி வைக்க எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு பாத்தனீங்களோ தம்பி?" என்றேன். "இவ்வளவுதான் நேரம்."

பிறகு ராணியை ஒரு சுத்தமான தலையணை உறைக்குள் மெல்ல எடுத்து விட்டேன். அவர் மனைவி நடையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. அவர் கார் ஓட்டினார், நான் ராணியை மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் அழுதார். பாம்பின் மேல் அவருக்கு உண்மையான பாசம். அதை நான் மறுக்கவில்லை. வைத்தியசாலை வாசலில் காரை நிறுத்தும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கடையில குடுத்த எலின்னு சொல்லிடலாமா ஆன்ட்டி?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

வைத்தியர் எவ்வளவு நேரம் எலி உள்ளே இருந்தது என்று கேட்டார். இன்று காலையிலிருந்து என்றார் தம்பி. வெள்ளிக்கிழமையிலிருந்து என்றேன் நான். வைத்தியர் இருவரையும் பார்த்துவிட்டு, காயத்தைப் பார்த்து, தாமதமாகிவிட்டது என்றார். ராணியை வலியில்லாமல் சாக வைக்கும் ஊசி போடும்போது தம்பி வெளியே போய்விட்டார். நான் நின்றேன். யாராவது ஒருவர் நிற்க வேண்டும்.

நாங்கள் அவர் வீட்டுக்குத் திரும்பியபோது அவர் வாளியைக் காட்டி, "அதை ஏதாவது பண்ணிடுங்க" என்றார்.

"நீங்கள் கொல்லுற பழக்கம் இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"உங்களுக்குத்தான் அது வேலை ஆன்ட்டி."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த எலி இப்போது என் வீட்டில் இருக்கிறது. பாசத்தால் இல்லை, யாரும் எடுக்கமாட்டார்கள். பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூப்பிட வேண்டும், எனக்கு வீட்டில் குரல் கொடுத்துப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. நான் சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த கிழமை அவர் தன் குழுவின் இணையப் பக்கத்தில் ராணியின் படத்தைப் போட்டு எழுதினார். கடையின் பெயர் இல்லை, ஆனால் யாருக்கும் விளங்கும். கவுண்டரில் நின்ற அனுபவமில்லாத இளம் பெண் ஒரு மூர்க்கமான எலியைத் தந்துவிட்டாள், விசாரிக்காமல் வாங்கியது மட்டும்தான் தன் தவறு என்று எழுதினார். ஆறுதல் சொல்லி எத்தனையோ பேர் எழுதினார்கள். முதலாளிக்குப் பயம் வந்தது. கடையைச் சோதிக்க அதிகாரிகள் வருவார்களோ என்ற பயம். உண்மை தெரிந்தும் நித்யாவை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். படிப்புக்காக அவள் பயிற்சி எடுக்க ஏற்பாடு செய்திருந்த வைத்தியசாலையிலும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி இல்லாமல் அவளுக்குப் படிப்பு முடியாது. எலி விற்க மாட்டேன் என்று சொன்ன பிள்ளைக்கு எலி விற்றவள் என்று பெயர்.

நான் முதலாளிக்கு அழைத்துச் சொன்னேன். நீ இப்போது இங்கே வேலை செய்யவில்லை என்றார். குழுவின் பக்கத்தில் எழுதினேன். அழித்துவிட்டார்கள். நித்யாவுக்கு அழைத்தேன்.

"விடுங்க ஆன்ட்டி" என்றாள். "யார் நம்பப் போறாங்க."

அவள் குரல் எனக்குத் தெரிந்த குரல். எலி அறையிலிருந்து வெளியே வந்து காரில் சாப்பிடப் போகிறவளின் குரல். அவளை அங்கே போகவிட எனக்கு விருப்பமில்லை.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு வேலையை விட்டு ஓடாதீர்கள். பாம்புக்குத் தீனி வேண்டும், அந்தத் தீனி ஒரு உயிர். யாரோ ஒருவர் அதைப் பயமில்லாமல், வலியில்லாமல் சாக வைக்க வேண்டும், அந்த வேலை கேவலமில்லை. சில வேளை, உறைந்ததை எப்படியும் தொடாத குட்டிப் பாம்பு வரும். வைத்தியரே வேறு வழியில்லை என்று சொல்லும் நிலை அது. அதற்கு உயிருள்ளதைக் கொடுக்கச் சட்டம் அப்போது இடம் தருமா என்று வைத்தியரிடமே கேளுங்கள். இடம் இருந்தாலும் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பாம்பு திரும்பிப் பார்க்கவில்லையா, எலியை வெளியே எடுங்கள். அதுவரை எலி இருந்த பெட்டியில் தண்ணீரும் தீனியும் படுக்கையும் இருக்க வேண்டும். நாளை சாகப் போகிற எலிக்கும் இன்று தாகம் எடுக்கும். வாடிக்கையாளர் எலியை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டு ஷாப்பிங் போகிறார் என்று தெரிந்தால் பின்னால் ஓடிப் போய்ச் சொல்லுங்கள். முதலாளி கத்தினால் கத்தட்டும். இல்லை என்று சொல்லும்போது பயம் வரும். வந்தாலும் சொல்லுங்கள்.

தம்பி, இனி உங்களுக்கு.

உங்கள் குழு மாதா மாதம் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் புதியவர்களுக்கு நீங்கள் வகுப்பு எடுக்கப் போவதாக விளம்பரம் பார்த்தேன். நான் வருவேன், பின்வரிசையில் இருப்பேன். தனியாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்காதீர்கள், எடுக்கமாட்டேன். நீங்கள் அந்தப் படத்தை எல்லாரும் பார்க்கத்தான் போட்டீர்கள். அதே பக்கத்தில், அதே படத்துக்குக் கீழே, உங்கள் சொந்தப் பெயரில் பதில் எழுதுங்கள். அந்த எலியை யாரிடம் வாங்கினீர்கள்? நித்யா உங்களுக்கு விற்றாளா, மறுத்தாளா? கெல்லிவில்லுக்குப் புறப்படும் முன் ராணியின் கண்ணைப் பார்த்தீர்களா? நான் வந்து சேரும்வரை கதவைத் திறக்காமல் ஏன் நின்றீர்கள்?

இவற்றுக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தால் ஒன்றுக்கு மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் வைத்தீர்களா, இல்லையா? எல்லாரும் பார்க்க எழுதுங்கள்.